தூக்கிக் கட்டிய தீவனம்

வந்த சத்தம் லாரி இல்லை, தேங்காய் ஏற்றிக்கொண்டு போகிற டிராக்டர். அதைக்கூடப் பிரித்துக் கேட்கத் தெரியாமல் கட்டிலை விட்டு எழுந்து நின்றுவிட்ட தன் கால்களின் மேல்தான் திருமூர்த்திக்கு முதலில் கோபம் வந்தது. முப்பது வருஷம் ஆட்டுச் சந்தையில் நின்ற கால்கள். எவன் வாங்க வந்தவன், எவன் வேடிக்கை பார்க்க வந்தவன் என்று செருப்புச் சத்தத்திலேயே சொல்லிவிடும் காதுகள். இப்போது என்னடாவென்றால் ரோட்டில் எது போனாலும் விசுக்கென்று எழுப்பி நிறுத்திவிடுகின்றன. மறுபடி உட்கார்ந்தார். தீவன அறையின் நிழல் கட்டிலில் பாதியைத்தான் மூடியிருந்தது. மீதிப் பாதியில் புரட்டாசி வெயில், மழைக்கு முந்தி வருகிற அந்தப் புழுக்க வெயில். முதுகுக்குப் பின்னால் ஷெட். ஷெட்டுக்குள் கோழிகள். நேற்று மத்தியானம் இந்தக் கையால்தான் இரும்புப் பிடியைச் சுற்றினார். சுற்றச் சுற்ற, கயிற்றில் தொங்கிய சிவப்புத் தீவனப் பக்கெட்டுகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒன்றாக மேலே எழும்பின. கோழிகள் கழுத்தை நீட்டி அவை போவதைப் பார்த்தன. ஒன்றிரண்டு எட்டிக் குதித்தன. குதிக்கிற உடம்பா அது? நெஞ்சு முழுக்கக் கறியும், அதைத் தாங்கமாட்டாத காலுமாக, ஒன்றரை மாசத்துக்குள் ஊதி வைத்த உடம்பு. ஒன்று குதித்து அப்படியே மல்லாந்து விழுந்து, காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்து அவர் சிரித்தார். சிரித்தாரா? சிரித்தார்தான். வண்டி வருகிறது என்ற சந்தோஷத்தில் சிரித்தது. "வண்டி கெளம்பிருச்சுங்க மாமா, தீவனத்தத் தூக்கிக் கட்டிருங்க" என்று பிரதீப் போனில் சொல்லி முடிக்கும்போதே அவர் பிடியில் கையை வைத்துவிட்டார். பிரதீப் கம்பெனி சூப்பர்வைசர். கோழி பிடிக்க வண்டி வருமுன் தீவனத்தைத் தூக்குவது எல்லாப் பண்ணையிலும் உள்ள வழக்கம்தான். வயிறு காலியாக இருந்தால்தான் எடை சுத்தமாக நிற்கும், வழியில் கழியாது. ஒரு ராத்திரிப் பசி, அவ்வளவுதான். குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்து கம்பெனியுடையது. ஷெட்டும் தண்ணீரும் கரண்டும் தூக்கமும் மட்டும் திருமூர்த்தியுடையது. சொன்னதைச் செய்ய வேண்டியது. செய்தார். ராத்திரி வண்டி வரவில்லை. விடியக்காலை வரும் என்றான், வரவில்லை. பத்து மணிக்குத் தாராபுரம் தாண்டிவிட்டது என்றான். தாராபுரத்திலிருந்து உடுமலை வர இத்தனை நேரமா? கழுதை மேல் ஏற்றிக்கொண்டு வருகிறானா?

பசித்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். புரட்டாசிச் சனிக்கிழமை, ஒருசந்தி விரதம். பெருமாளுக்குத் தளிகை போட்ட பிறகுதான் வாயில் சோறு. வீட்டுப் பக்கமிருந்து வெல்லம் உருகும் வாசனை வந்தது. ஷெட்டிலிருந்து கண்ணைக் கரிக்கிற எச்சக் காரம் வந்தது. இரண்டும் ஒரே மூக்குக்குள் போய் வயிற்றைப் பிசைந்தன. வயிறு ஒருமுறை உரக்கக் கத்தியது. உள்ளே ஏதோ ஒரு கோழி அதற்குப் பதில் சொன்னதுபோல் கேவியது. சீ, என்ன நினைப்பு இது. என் பசியும் அதுவும் ஒன்றா? என்னுடையது நானாக வைத்துக்கொண்டது. அதற்கு ஒரு கெடு உண்டு. மரகதம் இலையைப் போட்டு, "ஏனுங்க, வாங்க" என்றால் முடிந்தது. அதுகளுக்கு யார் வந்து வாங்க என்பது? அதுகளுக்குப் பக்கெட் மேலே தெரிகிறது. கழுத்தை எவ்வளவு நீட்டினாலும் எட்டாத உயரத்தில், காலியாக, ஆடிக்கொண்டு. காலையில் போய்ப் பார்த்தபோது அத்தனையும் அவர் காலைச் சுற்றிக்கொண்டன. அவர் வந்தால் தீவனம் வரும் என்று மட்டும்தான் அதுகளுக்குத் தெரியும். பொரித்த மறுநாள் பெட்டியிலிருந்து கொட்டின நாள் முதலாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். அவருடைய நீல லுங்கியைக் கொத்தின. செருப்பின் வாரைக் கொத்தின. கீழே விரித்த தேங்காய் நார் மஞ்சியைக் கொத்தி முழுங்கிவிட்டுக் கக்கின. அவர் வேகமாக வெளியே வந்துவிட்டார். ஏன் அவ்வளவு வேகம்? கடன்காரனைக் கண்டவன்போல் ஏன் நடந்தார்? அதற்குப் பிறகுதான் பிரதீப் சொன்னான். "படுதாவை எறக்கி விட்டுருங்க மாமா. இருட்டாயிட்டா சத்தம் போடாதுங்க." இரண்டு பக்கமும் படுதாவை இறக்கினார். உண்மைதான், சத்தம் அடங்கியது. ராத்திரியெல்லாம் லைட்டைப் போட்டு, தின்னு தின்னு என்று முழிக்க வைத்து வளர்த்த கோழிகளுக்குப் பட்டப்பகலில் இருட்டைக் காட்டினார். அடங்கிப்போனது நல்லதா கெட்டதா என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறார். சத்தம் இருந்தவரைக்கும் அது கோபம் மாதிரி இருந்தது. கோபம் அவருக்குப் புரியும். இந்த அமைதிதான் புரியவில்லை.

மரகதம் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "வண்டி என்னாச்சுங்க?" "வருது." "நேத்தும் அதேதான் சொன்னீங்க." "நேத்தும் வந்துட்டுத்தான் இருந்துச்சு." அவள் சிரிக்கவில்லை. ஷெட்டின் படுதாவைப் பார்த்தாள். "பாவமா இருக்குதுங்க. சாமிக்கு வெளக்குப் போடுற அன்னைக்கு இத்தனை உசுரைப் பட்டினி போட்டுட்டு, நாம எந்தக் கையில தளிகை போடறது?" "பட்டினி போடறது நானா? கம்பெனி. போய்க் கம்பெனிகிட்டக் கேளு." "கம்பெனிக்காரன் இங்க வந்து பக்கெட்டத் தூக்குனானாக்கும்?" என்று அவள் திரும்பிப் போய்விட்டாள். இவளுக்கு எப்போதுமே இப்படி, போகிற போக்கில் குத்திவிட்டுப் போவாள், நின்று சண்டை போட்டால் ஜெயித்துவிடலாம், நிற்கமாட்டாள். யார் தூக்கினது. யார் தூக்கினது. நான் தூக்கினது பிரதீப் சொல்லி. பிரதீப் சொன்னது வண்டி வரும் என்று. வண்டி வந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. ஆக வண்டிதான் குற்றவாளி. வண்டி என்ன மனுஷனா? இந்த இடத்தில் நினைப்பு ஒரு முள்ளில் மாட்டின வேட்டிபோல் நின்றுவிடுகிறது. இழுத்தால் கிழியும்.

பிரதீப் முதல் முதலாக வந்த நாளை நினைத்துக்கொண்டார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "நீங்க என்ன கூட்டமுங்க?" என்று குலத்தைக் கேட்டான். சொன்னார். பையன் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கம்மா பொறந்த கூட்டமுங்க! அப்ப நீங்க எனக்கு மாமன் மொறை." அவ்வளவுதான், மரகதம் உள்ளே ஓடிப்போய் மோர் கொண்டுவந்துவிட்டாள். அன்றிலிருந்து மாமா. போனை எடுத்தால் மாமா, ஷெட்டுக்குள் வந்தால் மாமா, செத்த கோழியைத் தூக்கிக் குழியில் போடும்போதும் "சூட்டுக்குத்தானுங்க மாமா, கவலைப்படாதீங்க." பெற்ற பிள்ளை இல்லாத வீடு. அந்தச் சொல் விழுந்த இடம் அப்படி. சந்தையில் அவரை அண்ணன் என்றவர்கள் உண்டு, முதலாளி என்றவர்கள் உண்டு, துண்டு மூர்த்தி என்று பட்டப்பெயர் வைத்து முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டவர்கள் உண்டு. துண்டு மூர்த்தி. தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இரண்டு பேர் கையின் மேலும் போர்த்திவிட்டால், உள்ளே விரல்கள் பேசும். வாயில் ஒரு பேச்சு இருக்காது. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. விரலைப் பிடித்து அழுத்தினால் ஒரு விலை, மடக்கினால் ஒரு விலை. எதிராளியின் கை வேர்க்கிறதா, நடுங்குகிறதா, அவசரமா, வீட்டில் சீக்காளியா எல்லாம் அந்தத் துண்டுக்கடியில் தெரிந்துவிடும். அந்த இருட்டுக்குள் ஒருத்தனும் அவரை ஏமாற்றியதில்லை. கம்பெனி ஆபீசில் கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் கையை நீட்டவே இல்லை. வளர்ப்புக் கூலியைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்டதற்கு, "இங்க பேரமெல்லாம் கெடையாதுங்க, எல்லாருக்கும் ஒரே ரேட்டு" என்று சிரித்தான். பேரம் இல்லாத இடத்தில் எனக்கு என்ன வேலை என்று அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். ஷெட் அதற்குள் பாதி எழும்பியிருந்தது. ஆடு விற்றுச் சேர்த்தது அத்தனையும் அந்தத் தகரத்திலும் தூணிலும் போய்விட்டிருந்தது. அதனால்தான் பிரதீப்பின் 'மாமா' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கம்பெனியிடம் பேரம் பேச முடியாவிட்டால் என்ன, உறவு பேசலாம். உறவிலும் ஒரு துண்டு உண்டு, அதற்கடியிலும் கைகள் உண்டு என்று நினைத்தார். "ரெண்டாவது சனிக்கெழமைக்குள்ள உங்க ஷெட்டத்தான் முதல்ல காலி பண்ணித் தர்றனுங்க மாமா" என்று அவன் சொன்னபோது, துண்டுக்குள் விரல் அழுத்தினாற்போல அவருக்குப் பட்டது.

மொபெட் ஒன்று மண்பாதையில் திரும்பியது. இந்தமுறை கால்கள் எழவில்லை. தேவராசு. வாய்க்காலுக்கு அக்கட்டத்தில் அவனுக்கும் ஒரு ஷெட், அதே கம்பெனிக் கோழி. பூட்டின கேட்டுக்கு வெளியே, வண்டியை அணைக்காமல் காலை ஊன்றிக்கொண்டு கேட்டான். "உனக்கும் வண்டி தாராபுரம் தாண்டிருச்சாக்கும்?" திருமூர்த்தி கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்தார். "உனக்கும் அப்படித்தான் சொன்னானா?" "எனக்கு முந்தாநாளே தாண்டிருச்சப்பா. இன்னும் தாண்டிட்டே இருக்குது." தேவராசு கெக்கெக்கென்று சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. "புரட்டாசின்னு எவனும் கறி திங்கறதில்ல. வெலை படுத்துப்போச்சு. இப்பப் புடிச்சா கம்பெனிக்கு நட்டம். புடிக்காம வெச்சிருந்தா அதுக திங்கற தீவனம் நட்டம். அதான், வண்டி வருது வண்டி வருதுன்னு நம்ம கையாலயே தூக்கிக் கட்டச் சொல்லிட்டானுக. வண்டியே போடுல. டிரைவர் எனக்குப் பங்காளி பையன், காலையில பேசுனேன், அவன் வீட்டுல தூங்கிட்டிருக்கறான்." "பிரதீப்பு அப்படிப்பட்ட பையன் இல்லயே" என்று ஒரு குரல் சொன்னது. தன் குரல்தான். "அவன் எனக்கு மாப்பிள்ளை மொறை ஆகணும். அவங்கம்மா எங்க கூட்டம்." தேவராசு வண்டியை அணைத்தே விட்டான். "உங்க கூட்டமா? என்றகிட்ட எங்க கூட்டம்னானே! மாமா மாமான்னு எங்கூட்டுல உக்காந்து பணியாரம் தின்னுட்டுப் போனானே!" இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். தேவராசு வேறு கூட்டம், திருமூர்த்தி வேறு கூட்டம். ஒரு பொம்பளை இரண்டு கூட்டத்தில் பிறக்க முடியாது. "ஏப்பா, அந்தப் பையனுக்கு அம்மா ஒருத்திதானா, இல்ல பண்ணைக்கு ஒருத்தியா?" என்று தேவராசு மறுபடி சிரித்தான். அவனுக்கு எதுவும் உறைக்காது. நல்ல தோல். "சாயங்காலம் வரைக்கும் பாரு, செத்ததப் பொறுக்கிக் குழியில போடு, வேற என்ன பண்றது" என்றுவிட்டுக் கிளம்பிப் போனான்.

மிச்சத் தீவனம். அது நினைவுக்கு வந்ததும் திருமூர்த்தி எழுந்து தீவன அறைக்குள் போய் நின்றார். வெறும் தரை. மூலையில் பெருக்கி ஒதுக்கிய பொட்டுத் தூசி, ஒரு கிழிந்த சாக்கு. நேற்றுக் காலை கம்பெனி டெம்போ வந்தது, கூடவே பிரதீப்பின் போனும். "உங்குளுக்குத்தான் இன்னைக்குக் கோழி போயிருமுங்களே மாமா, இந்த மூட்டைகளை ஏத்தி விட்டுருங்க, மத்த பண்ணையில குஞ்சுகளுக்குப் பத்தல." டெம்போவில் வந்தவன் ஒருத்தன்தான், பாவம் என்று அவரும் மூட்டைக்குத் தோள் கொடுத்தார். இந்த வயசில், இந்தத் தோளில், தன் ஷெட்டுக் கோழிகளின் வாய்த் தீனியைத் தானே சுமந்து வண்டியில் ஏற்றி, தார்ப்பாயைப் போட்டு, கயிற்றையும் இழுத்துக் கட்டிக் கொடுத்தார். கட்டு நெகிழ்ந்துவிடக் கூடாது என்று இரண்டு முடிச்சு போட்டார். முடிச்சு. இரண்டு முடிச்சு. போனை எடுத்தார். நாலைந்து தடவை அடித்தபின் எடுத்தான். "சொல்லுங்க மாமா, வண்டி பக்கத்துல…" "ஏண்டா, உங்கம்மா எத்தனை கூட்டத்துலடா பொறந்தா?" அந்தப் பக்கம் எங்கோ ஃபேன் ஓடும் சத்தம். "மாமா…" "வாயில அந்தச் சொல்லு வந்துச்சுன்னா நாக்க அறுத்துப்போடுவேன். வண்டி போட்டிருக்குதா இல்லையா?" "மேல சொன்னதத்தானுங்க நான் சொல்றேன். புரட்டாசியில வியாபாரம் இல்லீங்க. வண்டி எப்ப வேணா வருமுங்க. தீவனத்த மட்டும் எறக்கிறாதீங்க. வயித்துல தீனி இருந்துச்சுன்னா அடுத்த தடவை குஞ்சு எறக்க மாட்டாங்க, என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது, உங்க நல்லதுக்குத்தான்…" "பசிச்சுக் கெடக்குதுடா உள்ள." "கோழிங்க அது" என்றான் பிரதீப். மரியாதையாகத்தான் சொன்னான். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. போனைச் சுவரில் எறியக் கை ஓங்கி, எறியாமல் மடியில் செருகிக்கொண்டார். எறிந்தால் யாருக்கு நட்டம்.

அலங்கியம் ரோட்டில், எந்தச் சந்தை அது, பேர்கூட மறந்துவிட்டது, ஆனால் அந்தப் புளியமரத்தின் பட்டை நினைவிருக்கிறது. மீசை முளைக்காத வயசு. ஆட்டு வியாபாரி ஒருத்தன் விற்காமல் மீந்த ஆடுகளை அவரிடம் கொடுத்து, "புடிச்சிட்டு நில்றா, இதா வந்தர்றேன்" என்று போனான். நின்றார். சந்தை கலைந்தது. கடைக்காரர்கள் சாக்கைச் சுருட்டினார்கள். ஆடுகள் கயிற்றைத் தின்ன ஆரம்பித்தன, பிறகு அவருடைய சட்டை நுனியை. விட்டால் ஓடிவிடும், ஓடினால் அடி விழும், கட்டிப்போட்டுவிட்டுப் போனால் எவனாவது ஓட்டிப்போய்விடுவான். மறுநாள் பொழுது ஏறித்தான் அவன் வந்தான், சாராய வாடையோடு. "இன்னும் நிக்கறயா? நல்ல பையன்டா நீ" என்று தலையைத் தட்டினான். அந்தத் தட்டு இன்றைக்கும் மண்டையில் இருக்கிறது. இனி எவன் வருகிறேன் என்றாலும் நிற்கமாட்டேன் என்று அன்றைக்கு வைத்த வைராக்கியத்தில்தான் துண்டு மூர்த்தி ஆனார், தோட்டம் வாங்கினார், நாலு பேர் எழுந்து நிற்கிற ஆளானார். ஆகி என்ன, இப்போது அதே புளியமரத்தடி. நல்ல பையன்டா நீ. ஆனால் அன்றைக்குக் கயிறு மட்டும்தான் கையில் இருந்தது, இந்தப் பக்கெட்டுகளைத் தூக்கினது யார்? மரகதம் குத்தின இடத்தில்தான் மறுபடி வந்து நிற்கிறது. என்னை ஏமாற்றினவனுக்கு ஒரு பேர் இருக்கிறது, ஒரு போன் நம்பர் இருக்கிறது, நாக்கை அறுப்பேன் என்று சொல்ல ஒரு காது இருக்கிறது. உள்ளே இருக்கிறதுகளை ஏமாற்றினவன் யார்? அதுகள் பிரதீப்பைப் பார்த்ததில்லை. கம்பெனியைப் பார்த்ததில்லை. நீல லுங்கியைத்தான் பார்த்திருக்கின்றன.

படுதாவை ஒரு முழம் தூக்கிக் குனிந்து உள்ளே போனார். இருட்டும் சூடும் முகத்தில் வந்து அறைந்தன. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெள்ளை வெள்ளையாக, தரை முழுக்க, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து. எழுந்து ஓடிவரும் என்று காலை ஜாக்கிரதையாக வைத்தார். எழவில்லை. அருகில் இருந்தவை தலையை மட்டும் தூக்கின. சில எழ முயன்று, கால் இரண்டு பக்கமும் விரிந்து, நெஞ்சை மஞ்சியில் தேய்த்துக்கொண்டு நகர்ந்தன. ஒன்றின் முதுகில் இறகு இல்லை, தோல் சிவந்து ஈரமாக இருந்தது. பக்கத்தில் இருப்பது அதைக் கொத்திக்கொண்டிருந்தது. கொத்துப்படுவது கத்தவில்லை. அதுதான். அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. ஆடு என்றால் கத்தும், முட்டும், கயிற்றை அறுக்கும். அறுக்கிறவன் கத்தியைத் தீட்டும்போதுகூட எதிர்த்து இழுக்கிற ஒரு இழுப்பு இருக்கும். அந்த இழுப்புக்கு ஒரு மரியாதை உண்டு. இதுகளுக்கு இழுக்கக் காலே கொடுக்கவில்லை. அவர் கறி தின்கிறவர்தான், புரட்டாசி முடிந்தால் மறுபடியும் தின்பார், அதில் அவருக்கு வேஷம் இல்லை. வெட்டுவது வேறு. வருது வருது என்று சொல்லி இருட்டில் உட்கார வைப்பது வேறு. ஊரெல்லாம் சாமிக்குப் பயந்து கறியை விட்டுவிட்டது, அதனால் கோழிக்குப் புண்ணிய மாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். விரதம் இருக்கிறவர்களின் மீதிப் பட்டினி இங்கே கொண்டுவந்து கொட்டப்பட்டிருக்கிறது. ஒரு கோழி அவருடைய செருப்பின் மேல் தலையை வைத்தது. கொத்தவில்லை, சும்மா வைத்தது.

வீட்டுப் பின்புறம் மாட்டுக்கென்று அரைத்து வைத்த மக்காச்சோளக் குருணை மூட்டைகள் இருந்தன. முதல் மூட்டையை அவர் முதுகில் ஏற்றியபோது மரகதம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன பண்றீங்க?" "தெரியல." "வெளித் தீவனம் போட்டா அடுத்த குஞ்சு வராதுன்னு நீங்கதான சொன்னீங்க. ஷெட்டு சும்மா நின்னா என்ன பண்றது?" அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "நீதான எந்தக் கையில தளிகை போடறதுன்னு கேட்ட." அடுப்பைத் தணித்துவிட்டு வந்து அடுத்த மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள். பக்கெட்டுகளைக் கோழி தலைக்கு எட்டாத இடுப்பளவுக்கு மட்டும் இறக்கினார். ஒரு பக்கமாகத் தீனி விழுந்தால் அத்தனையும் அங்கே குவிந்து ஒன்றை ஒன்று நசுக்கிக் கொன்றுவிடும். எல்லாப் பக்கெட்டையும் நிரப்பிவிட்டு ஒரேடியாக இறக்க வேண்டும். முறத்தில் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே நடந்தார்கள், அவர் ஒரு வரிசை, அவள் ஒரு வரிசை. இத்தனை கோழிக்கு அது ஒரு வாய்தான் வரும். குருணை விழும் சத்தம் கேட்டதும் ஷெட் முழுக்க ஒரு அசைவு புறப்பட்டது. காற்று சோளக்காட்டில் புகுந்தாற்போல. இத்தனை நேரம் எங்கே வைத்திருந்தன அந்தக் குரலை? எழுந்தன. எழமாட்டாதவையும் எழுந்தன.

கடைசிப் பக்கெட்டில் கையை உதறியபோது மடியில் போன் அடித்தது. பிரதீப். மாமா என்று சொல்லவில்லை, பயந்திருந்தான். "வண்டி வந்துருச்சுங்க. நெசமாவே வந்துருச்சுங்க. மேல சண்டை புடிச்சு உங்களுக்குத்தான் முதல்ல வாங்கியிருக்கறேன். உங்க ஊருப் பிரிவுல திரும்பிட்டு இருக்குதுங்க." பொய்யா? காதைத் தீட்டினார். இல்லை, தூரத்தில் கனமான எஞ்சின், கம்பிக் கூண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலக்கும் சத்தம். இந்தமுறை லாரிதான். "தீவனம் தூக்கித்தான இருக்குதுங்க?" திருமூர்த்தி பக்கெட்டுகளைப் பார்த்தார். இடுப்பளவில், நிறைந்து, மெல்ல ஆடிக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். கீழே அத்தனை கழுத்தும் மேல்நோக்கி. இப்படியே மறுபடி மேலே சுற்றிவிடலாம். ராத்திரி குருணையை வாரி மூட்டை கட்டிவிடலாம். எடை சுத்தமாக நிற்கும், ஐப்பசியில் குஞ்சு வரும், ஷெட் சும்மா நிற்காது, பிரதீப்போடு வழக்கும் இல்லை. மரகதம் முறத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். முதல் முதலாக அவள் எதுவும் குத்தவில்லை. குத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "தூக்கித்தான் இருக்குது" என்றார். அது அந்த நிமிஷத்துக்கு நெசம்தான். "அப்பக் கேட்டத் தொறந்து வெச்சிருங்க." "வந்துட்டே இருக்கறேன் கண்ணு" என்றார் திருமூர்த்தி. குரல் சந்தைக் குரலாக, தேன்போல வந்தது. "தாராபுரம் தாண்டிட்டேன். இதா வந்துருவேன். டிரைவர அங்கயே நிக்கச் சொல்லு."

போனை அணைத்துவிட்டு இரும்புப் பிடியைத் திருப்பினார். பக்கெட்டுகள் இறங்கின. அதன் பிறகு கேட்ட சத்தத்தை அவர் எந்தச் சந்தையிலும் கேட்டதில்லை; ஆயிரக்கணக்கான அலகுகள் பிளாஸ்டிக்கில் ஒரே நேரத்தில் விழுகிற சத்தம், தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்தாற்போல. வெளியே லாரி வந்து நின்றது. ஹாரன் அடித்தது. கேட்டின் பூட்டு உள்பக்கமாகத்தான் தொங்குகிறது, சாவி மடியில். நிற்கட்டும். அடிக்கட்டும். எத்தனை நேரம் நிற்கும்? தின்று முடிகிற வரைக்கும். பிறகு கேட்டைத் திறக்கத்தான் வேண்டும். பிடிக்கிறவர்கள் உள்ளே வருவார்கள், ஒரு கைக்கு நாலைந்து என்று காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவார்கள், அவரும் வழிவிட்டு நிற்பார். அதற்குமேல் அவர் கையில் ஒன்றும் இல்லை. அடுத்த தடவை குஞ்சும் இல்லை. சரி. பக்கெட்டுக்குப் போகமாட்டாமல் அவர் செருப்பின் மேலேயே கிடந்தது ஒன்று. அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குருணையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். தின்றது. தோளிலிருந்து துண்டு நழுவி அதன் முதுகின் மேலும் அவர் கையின் மேலும் விழுந்தது, எடுக்கவில்லை. துண்டுக்கடியில் அதன் இரைப்பை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்படுவது விரலில் தெரிந்தது. சூடு தெரிந்தது. நெஞ்சடிப்பு தெரிந்தது, அவசரமாக, வேர்த்த கைபோல. பழகின விரல்கள் தாமாகவே மடங்கி ஒரு விலை சொல்லப் பார்த்தன. எதிரில் கை இல்லை. ஹாரன் மறுபடி அடித்தது. வீட்டில் வெல்லம் அடிப்பிடித்துக் கருகுகிற வாசனை வந்தது. மரகதம் அடுப்படிக்குப் போகவில்லை. கோழி தின்றுகொண்டிருந்தது.